சிகாஸ், ஸ்டிங் ஆன்டிபாடி: கேள்வி பதில்

வடசென்னையிலிருந்து ஆய்வகங்களுக்குப் போய்வரும் தம்பி தங்கைகள் கேட்டவை இவை; கேட்டவரின் ஊர்ப்பெயர் முன்னால் இருக்கும். செல்லை உடைத்த சாற்றை (லைசேட்) ஜெல்லின் லேன்களில் ஓட்டி, குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டும் ஆன்டிபாடியால் தேடினால் அந்தப் புரதம் ஒரு கோடாக, அதாவது பேண்டாகத் தெரியும்; இதுதான் வெஸ்டர்ன் பிளாட். டிஎன்ஏ இருக்கக்கூடாத இடத்தில் இருந்தால் சிகாஸ் என்ற புரதம் அதைப் பிடித்துக்கொண்டு சிகாம்ப் என்ற சிறு தூது மூலக்கூறைத் தயாரிக்கும். சிகாம்ப் ஸ்டிங் என்ற புரதத்தை முடுக்கும். அங்கிருந்து டிபிகே1, ஐஆர்எஃப்3 என்ற புரதங்கள் வழியாக, கிருமி எச்சரிக்கை தரும் இன்டர்ஃபெரான் வரும்.

தண்டையார்பேட்டை: அக்கா, எச்இகே 293டி செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் சிறுநீரகச் செல்) சிகாஸ் பேண்டே வரவில்லை. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

ஆன்டிபாடி மேல் பழி போடாதீர்கள். அந்தச் செல்லில் சிகாஸும் ஸ்டிங்கும் கண்ணில் படும் அளவுக்குக் கிடையாது. பக்கத்து லேனில் சிகாஸ் உள்ள டிஎச்பி-1 (மனித ரத்தப் புற்றுநோய்ச் செல்) லைசேட் ஓட்டுங்கள். 60 கிலோடால்டன் பக்கம் பேண்ட் வரும். சிகாஸ் ஜீனை நீக்கிய செல்லையும் ஓட்டுங்கள். அதில் பேண்ட் மறைந்தால்தான் நீங்கள் பார்த்தது சிகாஸ்.

பெரம்பூர்: பாஸ்போ-ஸ்டிங் (பாஸ்பேட் ஏறிய ஸ்டிங்) ஏறுகிறது, ஆனால் மொத்த ஸ்டிங் குறைகிறது. லோடிங் தப்பா?

எல்லாச் செல்லிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் புரதமான ஆக்டினைப் பாருங்கள். அது சமமாக இருந்தால் லோடிங் சரி. முடுக்கப்பட்ட ஸ்டிங், எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலத்திலிருந்து கால்ஜிக்குப் போய், வேலை முடிந்ததும் லைசோசோமில் சிதைக்கப்படுகிறது. அதனால் ஒரே நேரப்புள்ளியை வைத்து முடிவு சொல்லாதீர்கள். பல நேரங்களில் செல் எடுங்கள். மனித ஸ்டிங்கில் பாஸ்பேட் ஏறும் இடம் 366-ஆம் அமினோ அமிலமான செரின், சுண்டெலியில் 365. பாஸ்போ ஆன்டிபாடி என்றால் பால் பவுடரை விட்டுவிட்டு, மாட்டு ரத்தப் புரதமான பிஎஸ்ஏவில் பிளாக் பண்ணுங்கள், அதாவது ஆன்டிபாடி கண்ட இடத்தில் ஒட்டாமல் தடுங்கள். பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம், பின்னணி கருத்துப்போகும்.

வியாசர்பாடி: ஸ்டிங்கை முடுக்கும் மருந்தான டிஎம்எக்ஸ்ஏஏ போட்டும் டிஎச்பி-1 அசையவில்லை.

அது சுண்டெலி ஸ்டிங்கைத்தான் முடுக்கும். சிகாம்ப் போடுங்கள்.

ராயபுரம்: எதுவும் போடாத செல்லிலேயே பாஸ்போ-டிபிகே1 வருகிறது.

மைக்கோபிளாஸ்மா சோதனை செய்தீர்களா? அந்த நுண்ணுயிரியின் டிஎன்ஏவே சிகாஸைக் கிளப்பிவிடும். இந்தத் துறையில் மாதம் ஒருமுறை சோதிக்காமல் எந்தப் பேண்டையும் நம்பாதீர்கள்.

கொருக்குப்பேட்டை: பாடப்புத்தகத்தில் சிகாஸ் சைட்டோபிளாசத்தில் என்றிருக்கிறது. ஒளிரும் ஆன்டிபாடி போட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் எனக்கு நியூக்ளியஸ் ஒளிர்கிறது. ஆன்டிபாடி தப்புதானே?
எண்ணூர்: இல்லை அக்கா, நியூக்ளியஸில்தான் அதிகம். அவர் பழசையே பிடித்துக்கொண்டிருக்கிறார்.
கொருக்குப்பேட்டை: அப்படியென்றால் நம் சொந்த டிஎன்ஏவையே பிடித்துக் கத்தாதா?

நல்ல சண்டை, நிதானமாகப் பேசுவோம். 2013-இல் ஜேம்ஸ் சென் குழு சிகாஸைக் கண்டுபிடித்தபோது அது சைட்டோபிளாச உணரியாகத்தான் அறிமுகமானது. பிறகு பல செல்களில் பெரும்பங்கு நியூக்ளியஸில் குரோமாட்டினோடு (டிஎன்ஏவும் புரதமும் சேர்ந்த கட்டு) இறுகிக் கிடப்பது தெரிந்தது. 2020-இல் பல குழுக்கள் அமைப்பையே காட்டின: டிஎன்ஏ சுற்றிய புரத உருண்டையான நியூக்ளியோசோமின் அமிலத் திட்டில் சிகாஸ் ஒட்டிக்கொள்கிறது, டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதி அடைபடுகிறது. கத்தாததற்குக் காரணம் இதுதான். ஆகவே எண்ணூர்க்காரர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் ஒளிர்வதெல்லாம் சிகாஸ் ஆகிவிடாது. பல ஆன்டிபாடிகள் நியூக்ளியஸில் சும்மாவே ஒட்டும். ஜீன் நீக்கிய செல்லிலும் அதே ஒளி வந்தால் கொருக்குப்பேட்டை சந்தேகப்பட்டது சரி. இன்னொன்று: உப்பு குறைந்த பஃபரில் செல்லை உடைத்து, மேலே நிற்கும் நீரை மட்டும் எடுத்தால், குரோமாட்டினோடு உள்ள சிகாஸ் அடிவண்டலோடு குப்பைக்குப் போய்விடும். வண்டலையும் எஸ்டிஎஸ்ஸில் (புரதத்தைக் கரைக்கும் சோப்பு) கரைத்து ஓட்டிப் பாருங்கள், இருவரும்.

மணலி: எச்இகே 293டியில் ஸ்டிங் வரவில்லை...

முதல் பதிலைப் படியுங்கள்.

புதுவண்ணாரப்பேட்டை: அத்தைக்கு டிஎன்ஏ ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று ரிப்போர்ட். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது உடல் தன் டிஎன்ஏவுக்கு எதிராகத் தானே உண்டாக்குவது, லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயில் பார்ப்போம். ஸ்டான்லி மருத்துவமனைக்கு ரிப்போர்ட்டோடு கூட்டிப்போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

திருவொற்றியூர்: ராத்திரி கரண்ட் போய் மைனஸ் 20 ஃப்ரீசர் இளகிவிட்டது. ஆன்டிபாடி போச்சா?

லேபிளில் 50 சதவீதம் கிளிசரால் என்றிருந்தால் அது மைனஸ் 20-இல் உறைவதே இல்லை; ஒரு இரவுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பழைய டிஎச்பி-1 லைசேட்டோடு ஒரு பிளாட் ஓட்டிச் சரிபார்த்துவிட்டு, அதன்பிறகு முக்கியமான மாதிரிகளைத் தொடுங்கள். கிளிசரால் இல்லாததை மறுபடி உறைய வைக்காமல் 4 டிகிரியில் வைத்து முதலில் அதைச் செலவழியுங்கள்.