பிரபலங்களுக்குக் கொட்டும் பணம் சாட்டிலைட் ரேடியோவுக்குத் திரும்பி வருகிறதா?

கேள்வி: அமெரிக்கப் பங்குகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போட்டு வருகிறேன். சாட்டிலைட் வழியாக ஒலிபரப்பி மாதச் சந்தா வாங்கும் ரேடியோ கம்பெனியான சிரியஸ்எக்ஸ்எம் ஒரு பிரபலத்தோடு பெரிய ஒப்பந்தம் போட்டதாகச் செய்தி வந்தாலே பங்கை வாங்கத் தோன்றுகிறது. இந்தச் செலவு நிஜமாகவே பலன் தருமா?

பதில்: கம்பெனிக்குப் பலன் தரலாம். பங்கு வைத்திருப்பவருக்கும் தரும் என்று நினைத்து வாங்காதீர்கள்.

நன்றாகப் பலித்த உதாரணம் அமெரிக்க ரேடியோ தொகுப்பாளர் ஹோவர்ட் ஸ்டெர்ன். 2004 அக்டோபரில், அப்போது தனிக் கம்பெனியாக இருந்த சிரியஸ் அவரை ஐந்து வருடங்களுக்கு, 50 கோடி டாலர் செலவில் எடுத்தது. அன்று கம்பெனிக்கு இருந்த சந்தாதாரர்கள் சுமார் 6 லட்சம் பேர்தான். கணக்கைப் போட்டுப் பாருங்கள். நிகழ்ச்சிக்கு வருடம் 10 கோடி டாலர். மாதச் சந்தா 12.95 டாலர், அதாவது வருடத்துக்கு 155 டாலர். வகுத்தால் ஆறரை லட்சம் புதுச் சந்தாதாரர்கள் போதும் என்று வரும். ஆனால் சந்தா முழுவதும் கையில் நிற்காது. ரேடியோ கருவிக்கு மானியம், கார் கம்பெனிகளுக்குப் பங்கு, பாடல்களுக்கு ராயல்டி எல்லாம் போக வேண்டும். அதனால்தான் கம்பெனியே 10 லட்சம் பேர் வேண்டும் என்று சொன்னது. 2005 கடைசியில் சந்தாதாரர்கள் 33 லட்சம், 2006 கடைசியில் 60 லட்சம். எல்லோரும் ஸ்டெர்னுக்காக வந்தவர்கள் இல்லை, புதுக் காரில் ரேடியோ பொருத்தி வந்ததால் சேர்ந்தவர்களும் உண்டு. அவர்களைக் கழித்தாலும் போட்ட காசு வந்துவிட்டது என்றே நான் சொல்வேன்.

ஏன் பலித்தது? ஸ்டெர்னின் பேச்சுக்கு எஃப்எம்மில் அபராதத்துக்கு மேல் அபராதம் விழுந்துகொண்டிருந்தது. சாட்டிலைட் ரேடியோவுக்கு அந்த ஆபாசத் தடை விதிகள் கிடையாது. 2006 ஜனவரியிலிருந்து அவரைக் கேட்க வேண்டுமென்றால் சந்தா கட்டியே ஆக வேண்டும். காலையில் காரில் போகும்போது மணிக்கணக்காக அவரைக் கேட்டுப் பழகியவர்கள் கட்டினார்கள்.

போட்டிக் கம்பெனியான எக்ஸ்எம், 2006-ல் ஓப்ரா வின்ஃப்ரேக்கு மூன்று வருடங்களுக்கு 5.5 கோடி டாலர் கொடுத்தது. அவர் நேரடியாகத் தோன்ற வேண்டியது வாரம் அரை மணி நேரம், அதுவும் வருடத்தில் 39 வாரம் மட்டும். அன்று டிவியில் தினமும் இலவசமாகக் கிடைத்தவருக்காக யார் தனியாகச் சந்தா கட்டியிருப்பார்கள்? நம் ஊரில் வேர்ல்ட்ஸ்பேஸ் என்ற சாட்டிலைட் ரேடியோவின் விளம்பரத்தில் ஏ.ஆர். ரஹ்மான் வந்தது நினைவிருக்கும். அத்தனை பெரிய முகம் இருந்தும், தாய்க் கம்பெனி திவாலாகி 2009 டிசம்பரோடு இந்தியச் சேவை நின்றது.

இனி உங்கள் பணத்துக்கு வருவோம். சந்தா இலக்கைத் தாண்டியதற்காக 2006 ஜனவரியில் ஸ்டெர்னுக்கும் அவருடைய ஏஜென்ட்டுக்கும் சுமார் 3.4 கோடி பங்குகள் போயின, மதிப்பு ஏறக்குறைய 22 கோடி டாலர். புதுப் பங்கு வெளியிட்டால் பழைய பங்குதாரரின் பாகம் கரையும். அப்புறம் 2008-ல் சிரியஸும் எக்ஸ்எம்மும் இணைந்து சிரியஸ்எக்ஸ்எம் ஆயின. 2009 பிப்ரவரியில் கடனைத் திருப்ப வழியில்லாமல் அந்தக் கம்பெனி திவால் வாசலில் நின்றபோது, லிபர்ட்டி மீடியா என்ற அமெரிக்க ஊடகக் கம்பெனி 53 கோடி டாலர் கடன் கொடுத்து 40 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. பங்கு சில சென்ட்டுக்கு விழுந்திருந்தது. ஸ்டெர்னின் நிகழ்ச்சி அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இப்போது வரும் பாட்காஸ்ட் ஒப்பந்தங்கள் வேறு ரகம். உதாரணத்துக்கு, அவர்கள் ஒப்பந்தம் செய்த பாட்காஸ்ட் தொகுப்பாளர் அலெக்ஸ் கூப்பரின் நிகழ்ச்சியை மற்ற ஆப்களிலும் கேட்கலாம், சிரியஸ்எக்ஸ்எம்முக்கு வருவது பெரும்பாலும் விளம்பர வருமானம். அதை வைத்துச் சந்தா ஏறும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சரி, அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால் உடனே வாங்காமல் அடுத்த காலாண்டு அறிக்கை வரைக்கும் பொறுங்கள். அதில் இலவசச் சோதனைக் காலத்தில் இருப்பவர்களை விட்டுவிட்டு, சொந்தக் காசு கட்டும் சந்தாதாரர் எண்ணிக்கை ஏறியதா, மாதம் எத்தனை சதவீதம் பேர் விலகுகிறார்கள், கடன் எவ்வளவு என்று பாருங்கள். சந்தாதாரர்கள் குறைந்துகொண்டே போனால், யாரை ஒப்பந்தம் செய்திருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.