உங்கள் கம்பெனி பெயரில் இன்னொருவர் இணைய விற்பனைத் தளத்தில் பொருள் விற்கிறார், நீங்கள் கொடுத்த புகாரைத் தளம் திருப்பி அனுப்பிவிட்டது. கம்பெனி பெயரைப் பதிவு செய்த பிறகும் டிரேட்மார்க் (பொருளுக்கு வைக்கும் பெயர் அல்லது சின்னத்தின் மீதான பதிவு உரிமை) வேண்டுமா?

வேண்டும். கம்பெனி பெயரைப் பதிவு செய்தது, அதே பெயரில் இன்னொருவர் பொருள் விற்பதைத் தடுக்காது. விற்பனைத் தளம் உங்கள் புகாரைத் திருப்பி அனுப்பியதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்: அவர்கள் கேட்பது டிரேட்மார்க் எண்.

அது கையில் இருந்தால், பெயர் உங்களுடையது என்று ஒவ்வொரு தடவையும் பழைய பில்லைத் தேடி எடுத்து நிரூபிக்கும் தலைவலி பெரிதும் குறையும். அப்புறம், பெயரை உரிமத்துக்கு விடலாம், விற்கவும் செய்யலாம்.

விண்ணப்பிக்கும் முன், உலக அறிவுசார் சொத்து அமைப்பின் பிராண்டு தரவுத்தளத்தில் தேடுங்கள், இலவசம்தான். ஒலிப்பில் நெருங்கிய பெயர்களையும் விடாதீர்கள். டிரேட்மார்க் பதிவுக்காகப் பொருள்களையும் சேவைகளையும் மொத்தம் 45 வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். உங்கள் பொருள் எதில் வரும் என்றும் பாருங்கள்.

ஆனால் பதிவு செய்த நாட்டுக்குள்தான் டிரேட்மார்க் செல்லும். இன்னொன்று, உங்கள் பெயரில் விற்கும் அந்த ஆள் உங்களுக்கு முன்பே அந்தப் பெயரில் விற்றுவந்திருந்தால், பல நாடுகளில் நிலைமை அவருக்குச் சாதகமாகத் தலைகீழாகிவிடலாம்.