ஆண்டெனாக்களை மூடிய கோபுரத்துக்குள் வைத்தால் ரேடார் எப்படி வேலை செய்யும்?

பினாங்கு ஸ்வெட்டன்ஹாம் துறையில் நின்ற போர்க்கப்பலில் ஆண்டெனாவே கண்ணில் படவில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். மூடிய கோபுரத்துக்குள் இருக்கலாம். இரும்புச் சுவர் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பிவிடும். கார்பன் இழையும் மின்சாரம் கடத்துவதால் அதுவும் தடைதான். கண்ணாடி இழை பரவாயில்லை, வழிவிடும். இரண்டு மெல்லிய கண்ணாடி இழைத் தகடு, நடுவில் நுரை, சாண்ட்விச் மாதிரி.

தலைவலி இந்தச் சுவரின் தடிமனில்தான். 10 கிகாஹெர்ட்ஸ் ரேடாரில் அலைநீளமே 3 சென்டிமீட்டர். சில மில்லிமீட்டர் பிசகினாலே அலையின் ஒரு பங்கு உள்ளேயே திரும்பிவிடும். ஆனால் காற்றையும் குலுக்கலையும் தாங்க இன்னும் தடிமன் வேண்டும் என்பார் கட்டமைப்புக்காரர்! 1997-ல் அமெரிக்காவின் ஆர்தர் டபிள்யூ. ராட்ஃபோர்ட் கப்பலில் இப்படியொரு கோபுரத்தைப் பொருத்திச் சோதித்தார்கள். கப்பலின் சொந்த ரேடார் அலைவரிசையை மட்டும் விடும் அடுக்கும் அதில் இருந்தது. அப்புறம், நுரைக்குள் ஈரம் புகுந்தால் சிக்னல் பலவீனமாகும். நம்ம ஊர் மழைக்கு ஓரங்களை நன்றாக அடைக்க வேண்டும்.