சர்வரோக நிவாரணிகள்: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

விக்டோரியா மகாராணி காலத்துப் பேடன்ட் மருந்துகளை, அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாமல் விளம்பரத்தாலேயே விற்ற சரக்குகளைப் பற்றிப் போன முறை எழுதியதற்கு ஏகப்பட்ட கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒருவருக்குத்தான் பதில். மற்றவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மதுரை வாசகர்: பேடன்ட் மருந்து என்றால் அதன் செய்முறை காப்புரிமை அலுவலகத்தில் இருக்குமே? அதை எடுத்துப் பார்த்து இப்போது தயாரிக்க முடியுமா?

இருக்காது. காப்புரிமை வேண்டுமென்றால் என்ன கலந்திருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த வியாபாரி அதைச் செய்வான்? பெயரையும் லேபிளையும் பாதுகாத்துக்கொண்டார்கள், சரக்கைச் சொல்லவில்லை. தயாரிக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

கோவை வாசகர்: பழைய விளம்பரங்களில் எங்கே பார்த்தாலும் 1 ஷில்லிங் 1½ பென்ஸ் என்றே விலை போட்டிருக்கிறது. இதென்ன அரைகுறைக் கணக்கு?

அந்த ஒன்றரை பென்ஸ் அரசாங்கத்தின் பங்கு. 1 ஷில்லிங் வரை விலையுள்ள மருந்துக்கு அவ்வளவு முத்திரை வரி. அரை கிரவுன் (2 ஷில்லிங் 6 பென்ஸ்) மருந்துக்கு 3 பென்ஸ், அதனால் அதன் விலை 2 ஷில்லிங் 9 பென்ஸ். வரி கட்டியதற்கு அடையாளமாகப் பெட்டியின் மேல் முத்திரைத் தாளை ஒட்டுவார்கள். வாங்குகிறவர்களோ மருந்துக்கு அரசாங்கமே சான்று கொடுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். விற்றவர்கள் அதைத் திருத்தப் போவார்களா? பிற்பாடு ‘இது அரசின் உத்தரவாதம் அல்ல’ என்று முத்திரையிலேயே அச்சடிக்க வேண்டியதாயிற்று. அதற்கப்புறமும் நம்பினார்கள். வரி 1941 வரை இருந்தது.

திருநெல்வேலி சட்டக் கல்லூரி மாணவர்: கார்லில் எதிர் கார்பாலிக் ஸ்மோக் பால் கம்பெனி வழக்கைப் பற்றி விரிவாக, உடனடியாக எழுதி அனுப்பவும்.

தம்பி, உங்கள் வீட்டுப்பாடத்தை நான் எழுத முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் முன்மொழிவு, ஏற்பு எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

அந்த ஸ்மோக் பால் ஒரு ரப்பர் உருண்டை. உள்ளே கார்பாலிக் அமிலம் கலந்த பொடி. அதிலிருக்கும் குழாயை மூக்கில் வைத்து உருண்டையை அமுக்கினால் பொடி புகைபோல ஏறும், மூக்கு ஒழுகும். விலை 10 ஷில்லிங். இன்ஃபுளூயன்சா பரவிக்கொண்டிருந்த 1891 நவம்பரில், இதைச் சொன்னபடி பயன்படுத்தியும் காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருகிறோம், அதற்காக 1,000 பவுண்டு வங்கியில் போட்டிருக்கிறோம் என்று விளம்பரம் வந்தது. திருமதி கார்லில் நவம்பர் 20 முதல் ஜனவரி 17 வரை தினம் மூன்று வேளை மூக்கில் ஏற்றிக்கொண்டார். காய்ச்சல் வந்தது. பணம் கேட்டார், கொடுக்கவில்லை. விளம்பரத்தில் எல்லாரும் கொஞ்சம் பெருமையடிப்பார்கள், அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் கம்பெனியின் வாதம். வெறும் பெருமை என்றால் பணத்தை ஏன் வங்கியில் போட வேண்டும்? அந்த 1,000 பவுண்டே அவர்கள் காலை வாரிவிட்டது. 1892 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அம்மாவின் பக்கம்தான் நின்றது.

அப்புறம் கம்பெனி என்ன செய்தது தெரியுமா? பரிசை 200 பவுண்டாக உயர்த்தி, நிபந்தனைகளை இறுக்கி, மறுபடியும் விளம்பரம் கொடுத்தது. திருமதி கார்லில் 1942 வரை, 90 வயதைத் தாண்டி வாழ்ந்தார். இதைத் தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்காது.

கோத்தகிரி வாசகர்: பழைய எஸ்டேட் பங்களாவில் குளோரோடைன் என்று எழுதிய பாட்டில் கிடைத்தது. பாதி மருந்து இருக்கிறது. நல்ல வாசனை. வயிற்றுப்போக்குக்கு இன்னும் கேட்குமா?

வாசனை தெரிகிறது என்றால் திறந்துவிட்டீர்கள். மூடுங்கள். பழைய பாட்டிலைத் திறக்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதிவிட்டேன்!

இந்தியாவில் ராணுவ மருத்துவராக இருந்த காலிஸ் பிரவுன் 1848 வாக்கில் காலராவுக்காகக் கலந்த மருந்து இது. அபினிச் சாறு, குளோரோஃபார்ம், கஞ்சா. பேதி நின்றது உண்மைதான், அபினி குடலைக் கட்டும். கூடவே ஆளையும் கட்டிப்போட்டது. பேதி நின்ற பிறகும் விட முடியாமல் குடித்தவர்கள் ஏராளம். பாட்டிலைப் பத்திரமாகக் கட்டி, பக்கத்தில் மருந்தியல் கல்லூரி இருந்தால் அங்கே கேளுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

திருச்சி வாசகி: அந்தக் காலத்தில் தபாலிலேயே இலவச ஆலோசனை கொடுத்திருக்கிறார்கள். இலவசமாகக் கொடுத்ததில் அவர்களுக்கு என்ன லாபம்? ஏழைகளுக்கு நல்லதுதானே செய்தார்கள்?

இந்தக் கேள்வி வராதா என்று காத்திருந்தேன். எல்லாரும் மாத்திரைக்குள் என்ன இருந்தது என்றே கேட்கிறீர்கள். கடிதம் என்ன ஆனது என்று யாரும் கேட்பதில்லை.

பிரிட்டனில் 1840-இல் ஒரு பென்னித் தபால் வந்தது. 1853-இல் விளம்பர வரி போனது. பத்திரிகைகள் மலிந்தன, ஒவ்வொன்றிலும் பத்தி பத்தியாக மருந்து விளம்பரம். உள்ளூர் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை முகம் தெரியாத ஒருவருக்கு எழுதிவிடலாம். மாதவிலக்குத் தொல்லை, கருச்சிதைவு, ஆண்மைக் கவலை, மேகநோய். எழுதினார்கள், பெயர் முகவரியோடு.

அமெரிக்காவில் லின் என்ற ஊரில் லிடியா பிங்கம் 1875-இல் பெண்களுக்கான மூலிகை மருந்து என்று ஒன்றை விற்கத் தொடங்கினார். அதில் ஆல்கஹால் மட்டும் சுமார் 18 சதவீதம். ‘திருமதி பிங்கத்துக்கு எழுதுங்கள், பெண்கள் மட்டுமே படிப்பார்கள்’ என்று விளம்பரம். அந்த அம்மா 1883-இல் காலமாகிவிட்டார். விளம்பரம் நிற்கவில்லை, பதில்களும் நிற்கவில்லை. 1905-இல் ஒரு பெண்கள் பத்திரிகை அவர் கல்லறையைப் படம் எடுத்துப் போட்டது. இப்போதுள்ள திருமதி பிங்கம் அவருடைய மருமகள் என்றது கம்பெனி.

வந்த கடிதங்கள் குப்பைக்கும் போகவில்லை. நோய்வாரியாகப் பிரித்துக் கட்டி, ஆயிரம் கடிதம் இத்தனை டாலர் என்று வாடகைக்கு விடும் தரகர்கள் இருந்தார்கள். ஒரு கம்பெனிக்கு ரகசியமாக எழுதினால் அடுத்த மாதம் வேறு நாலு கம்பெனிகளிடமிருந்து அதே நோய்க்கு மருந்து விளம்பரம் வந்து விழும். இலவச ஆலோசனையின் லாபம் இதுதான் அம்மா.

இதிலும் கொடுமையானது லண்டனில் நடந்தது. கிரைம்ஸ் என்ற மூன்று சகோதரர்கள் ‘லேடி மான்ட்ரோஸ்’ என்ற பெயரில் பெண்களுக்கான மாத்திரை விற்றார்கள். விளம்பரத்தைப் படித்தவர்களுக்கு அது கருக்கலைப்புக்கு என்று புரியும், வெளிப்படையாக எங்கும் இருக்காது. வாங்கிய பெண்களின் பெயர்கள் அவர்கள் கையில். 1898-இல் ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அதிகாரி எழுதுவதுபோல ஒரு கடிதம் போனது: நீங்கள் செய்தது குற்றம், 2 கினி (ஒரு கினி 21 ஷில்லிங்) அனுப்பாவிட்டால் வழக்கு. 1861-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவைக் கலைக்க முயல்வதே பெருங்குற்றம், தண்டனை ஆயுள் வரை போகும். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. பலர் பணத்தை அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பிடிபட்டு, இருவருக்குப் 12 ஆண்டு, ஒருவனுக்கு 7 ஆண்டு.

மாத்திரை வேலை செய்யாவிட்டால் போன பணம் ஷில்லிங் கணக்கு. பெயர் போனால் திரும்பாது. இன்றைக்கும் ‘இலவச ஆலோசனைக்கு உங்கள் பிரச்சினையையும் கைப்பேசி எண்ணையும் பதிவிடுங்கள்’ என்று பார்த்தவுடன் நிரப்பி அனுப்புகிறவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். படித்தவர்கள்தான்.

வேலூர் வாசகர்: அந்த மாத்திரைகள் முழுக்க மூலிகை என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறதே? ரசாயனம் கலக்காத காலம். பக்கவிளைவு எப்படி வரும்?

எட்டியும் மூலிகைதான். ஜேம்ஸ் மாரிசனின் ‘தாவர மாத்திரை’யில் கரியபோளம், பேய்க்குமட்டி, காம்போஜ் என்ற மஞ்சள் பிசின். மூன்றும் கடும் பேதி மருந்து. குணம் தெரியவில்லையா, எண்ணிக்கையைக் கூட்டு என்பது அவர் உபதேசம். விக்டோரியா அரியணை ஏறுவதற்கு முந்தைய ஆண்டே, 1836-இல், இந்த மாத்திரையால் ஒருவர் இறந்துபோக, விற்ற ஏஜெண்டுக்கு 200 பவுண்டு அபராதம் விழுந்தது. மாரிசனுக்கு ஒன்றும் ஆகவில்லை, வியாபாரம் நடந்துகொண்டே இருந்தது.

பீச்சம் மாத்திரையும் இதே ஜாதிதான், ஆனால் சாது: கரியபோளம், இஞ்சி, சோப்பு. ‘பெட்டி ஒரு கினி பெறும்’ என்பது அதன் புகழ்பெற்ற வாசகம். 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் பிரித்துப் பார்த்தபோது, 56 மாத்திரைக்குச் சரக்கு விலை அரை ஃபார்த்திங் (ஃபார்த்திங் என்பது கால் பென்னி) என்று வந்தது. விற்றது சுமார் நூறு மடங்குக்கு.

சென்னை வாசகி: கிரைப் வாட்டரும் அந்தக் காலத்துச் சரக்குதானாமே? பயமாக இருக்கிறது.

ஆமாம், நாட்டிங்ஹாமில் வுட்வர்ட் 1851-இல் செய்தது. அதில் சதகுப்பை எண்ணெயும் சோடாவும் கொஞ்சம் ஆல்கஹாலும் இருந்தன. ஆல்கஹால் இப்போது இல்லை. அன்றைக்குப் பயப்பட வேண்டியவை வேறு: காட்ஃப்ரே கார்டியலில் அபினி, அமெரிக்காவின் வின்ஸ்லோ சிரப்பில் மார்ஃபின். அழுத பிள்ளை அமைதியானது. சில பிள்ளைகள் எழுந்திருக்கவே இல்லை. உங்கள் குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்று குழந்தை மருத்துவரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள்.

யாழ்ப்பாண வாசகர்: இவர்களில் ஒருவர்கூட நல்லது செய்யவில்லையா?

மாத்திரையாலா, பணத்தாலா? பணத்தால் என்றால் தாமஸ் ஹாலோவே. 1837-இல் களிம்போடு தொடங்கி, கடனுக்காகச் சிறைக்கும் போய், கடைசிக் காலத்தில் விளம்பரத்துக்கு மட்டும் ஆண்டுக்கு 50,000 பவுண்டு போல் செலவழித்தவர். லண்டனுக்கு வெளியே அவர் கட்டிய பெண்கள் கல்லூரியை 1886-இல் விக்டோரியா மகாராணியே திறந்துவைத்தார். அது இன்றும் நடக்கிறது, இப்போது ஆண்களும் படிக்கிறார்கள்.

மாத்திரையால் என்றால், கனடாவிலிருந்து உலகம் சுற்றிய ‘பிங்க் பில்ஸ்’. அதில் இரும்புச்சத்து இருந்தது, சோகை பிடித்த பெண்களுக்குத் தெம்பு வந்திருக்கும். அதே மாத்திரை பக்கவாதத்தையும் தீர்க்கும் என்றும் விளம்பரம் வந்தது.

சேலம் வாசகர்: படம் இணைத்திருக்கிறேன். இந்தப் பாட்டில் எவ்வளவுக்குப் போகும்?

படத்தில் உங்கள் கட்டைவிரல்தான் தெளிவாகத் தெரிகிறது. பகல் வெளிச்சத்தில் முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் என்று மூன்று படம் எடுத்து அனுப்புங்கள். மூடியைத் திறக்காமல்.