777 என்னும் சமாளிப்பு

மதிப்பிற்குரிய ஐயா,

உபுண்டு மடிக்கணினியில், செயலியைக் கண்டெய்னர் என்னும் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் டாக்கர் வழியாக ஒரு நோட் ஜேஎஸ் செயலியை உருவாக்கிவருகிறேன். ப்ராஜெக்ட் ஃபோல்டரைக் கண்டெய்னருக்குள் மவுண்ட் செய்வது சரியா, ஒவ்வொரு மாற்றத்துக்கும், கண்டெய்னருக்கு அச்சாக இருக்கும் இமேஜை மறுபடி பில்ட் செய்வதுதான் முறையா? மவுண்ட் செய்தால், செயலிக்குத் தேவையான நூலகங்கள் இருக்கும் நோட்_மாட்யூல்ஸ் ஃபோல்டர் காணாமல் போகிறது. கண்டெய்னர் எழுதும் கோப்புகளை எடிட்டரில் திருத்த முடியாததால், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 கொடுத்துச் சமாளிக்கிறேன். நண்பரின் மேக்கில் எல்லாமே மெதுவாக இருக்கிறதாம்.

வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள தம்பிக்கு,

வேலை நடக்கும் காலத்தில் மவுண்ட் செய்யுங்கள். வெளியிடும்போது பில்ட் செய்யுங்கள். நோட்_மாட்யூல்ஸ் எங்கும் போய்விடவில்லை. இமேஜுக்குள் இருந்ததை மேலே வந்து அமர்ந்த உங்கள் ஃபோல்டர் மறைத்திருக்கிறது, அந்த இடத்துக்கு டாக்கரே பராமரிக்கும் சேமிப்பிடமான வால்யூம் ஒன்றைத் தனியாகக் கொடுத்தால் போதும். மேக்கைப் பற்றி நண்பரே எழுதட்டும்.

என் மனம் நின்றது, நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ‘சமாளிக்கிறேன்’ என்ற சொல்லில்தான். வியாசர்பாடியில் மாலை வகுப்பு எடுத்த நாட்களில், புளியந்தோப்பிலிருந்து வந்த ஒரு மாணவி, அண்ணனிடமிருந்து கைமாறிய மடிக்கணினியில் இதையே செய்தாள். மொத்த ஃபோல்டருக்கும் 777 கொடுத்துவிட்டு, கோப்புகளின் மாற்றங்களைக் கண்காணிக்கும் கிட்டைக் கேட்டால், தொடாத கோப்புகளெல்லாம் மாறியவையாகத் திரையைத் தாண்டி ஓடின. ஒரு வரிகூட மாறவில்லை. கிட் குறித்துவைக்கும் அனுமதி எண் 100644 என்றிருந்தது 100755 ஆகியிருந்தது, அவ்வளவுதான். “நான் ஒண்ணுமே பண்ணல சார்” என்று அவள் சொன்ன குரல் இன்னும் காதில் இருக்கிறது. அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. உங்களைத் திட்டலாம், நீங்கள் சம்பளம் வாங்குகிறவர் என்பது கடிதத்தின் தோரணையிலேயே தெரிகிறது.

மவுண்ட் செய்த ஃபோல்டர் நகல் அல்ல. ஒரே வீட்டுக்கு வைத்த இரண்டாவது வாசல். அந்த வாசல் வழியே வருகிறவர் யார் என்பதை இயங்குதளத்தின் மையமான கெர்னல் பெயரால் அறிவதில்லை, எண்ணால் அறிகிறது. கண்டெய்னரில் வேறு பயனரைக் குறிப்பிடாவிட்டால் நிரல் 0 என்ற எண்ணில், அதாவது எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராக ஓடும். அது எழுதும் கோப்பும் உங்கள் வட்டில் ரூட்டின் சொத்தாகவே விழும். கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் நீளப் பட்டியலில் மூன்றாவது, நான்காவது பத்திகளில் ‘ரூட் ரூட்’ என்றிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், பார்த்தும் கடந்திருப்பீர்கள். கேள்வி உரிமையாளர் யார் என்பது. நீங்களோ ஊரில் எல்லோரும் எழுதலாம் என்று பதில் சொல்கிறீர்கள். அந்தப் பதிலும் நிலைக்காது, கண்டெய்னர் அடுத்து எழுதும் கோப்பு மறுபடி ரூட்டுடையதாகத்தான் பிறக்கும்.

பழைய கோப்புகளின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றிவிட்டு, கண்டெய்னரை உங்கள் எண்ணிலேயே ஓட்டுங்கள். உபுண்டுவில் முதல் பயனரின் எண் வழக்கமாக 1000. நோட்டின் அதிகாரபூர்வ இமேஜில் இருக்கும் ‘நோட்’ பயனரின் எண்ணும் அதுவே. அதன் பிறகு நோட்_மாட்யூல்ஸ் வால்யூமில் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வந்தால் மறுபடி 777-க்கு ஓடாதீர்கள். இமேஜை உருவாக்கும் கட்டளைகள் இருக்கும் டாக்கர்ஃபைலில் அந்த ஃபோல்டரை ‘நோட்’ பயனருக்கு உரிமையாக்கி இமேஜை பில்ட் செய்து, பழைய வால்யூமை நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றுங்கள்.