வெற்றிலை உலக்கை வெண்கலமா, பித்தளையா? தண்ணீரில் நிறுத்துப் பார்க்கும் முறை

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடை ஒன்றில் வெற்றிலை இடிக்கும் சிறு உலக்கை வாங்கினோம். நான்கு அங்குல நீளம், கெட்டியான உருப்படி. வெண்கலம் என்று சொல்லித் தந்தார்கள். ஒன்பதாவது படிக்கும் மகள் அடர்த்தி கண்டுபிடிக்கிறேன் என்று சமையலறைத் தராசில் நிறுத்தாள்: 412 கிராம். அளவு ஜாடித் தண்ணீரில் மூன்று முறை அமிழ்த்தினாள். நீர்மட்டம் 45, 50, 55 மில்லி என உயர்ந்தது. எடையை இந்த உயர்வால் வகுத்தால் அடர்த்தி (ஒரு கன செ.மீ.க்கு இத்தனை கிராம்) 9.16, 8.24, 7.49 என்று வருகிறது. எது சரி? சராசரி போட்டால் போதுமா? (வாசகி, கோட்டையூர்)

பதில்: மூன்றும் வேண்டாம், சராசரியும் வேண்டாம். எடையில் கோளாறு இல்லை; 412-இல் ஒரு கிராம் முன்பின் இருந்தாலும் கால் சதவீதம்தான். கோளாறு ஜாடியில். 10 மில்லிக்கு ஒரு கோடு போட்ட சமையல் ஜாடியில், இரண்டு கோட்டுக்கு நடுவே கண்ணால் மதிப்பிடும்போது 5 மில்லி தாராளமாக இடறும். ஐம்பதுக்கு ஐந்து என்றால் பத்து சதவீதம். அப்படியானால் உங்கள் 8.24-க்கு உண்மையான பொருள், ‘7.4-லிருந்து 9.1-க்குள் எங்கோ’ என்பதுதான். எஃகு 7.85, பித்தளை 8.4 முதல் 8.7, வெண்கலம் 8.6 முதல் 8.9, செம்பு 8.96. நான்கும் ஒரே பந்தியில் உட்கார்ந்துவிடுகின்றன! புள்ளிக்குப் பின்னால் வந்த இரண்டு இலக்கங்களும் கால்குலேட்டர் தந்தவை, ஜாடி தந்தவை அல்ல.

பாடப்புத்தகத்தில் துல்லியம், நுட்பம் என்று இரண்டு சொல் வரும். திரும்பத் திரும்ப அளந்தாலும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தால் அது நுட்பம். வந்த எண் உண்மை மதிப்புக்குப் பக்கத்தில் இருந்தால் துல்லியம். மகளின் அளவில் நுட்பம் இல்லை என்பது பார்த்ததுமே தெரிகிறது. தெரியாமல் ஏமாற்றுவது இன்னொரு வகை. கோடுகளே தள்ளி அச்சான ஜாடி மூன்று முறையும் 52 என்றே காட்டும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மூன்றும் தப்பு. சராசரி முன்னும் பின்னும் சிதறும் பிழையைத்தான் குறைக்கும். ஒரே பக்கம் சாயும் பிழையைத் தொடக்கூட முடியாது.

ஜாடியை ஒதுக்கிவிட்டுக் கன அளவையும் தராசிலேயே எடுங்கள். 0.1 கிராம் வரை காட்டும், 500 கிராம் தாங்கும் சிறு தராசு போதும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, 350 மில்லி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைச் சுழியாக்குங்கள். சுழியாக்கினாலும் அந்த எடை தராசின் தாங்கு அளவில் சேர்ந்தே இருக்கிறது. அதனால் இதற்கு மேல் தண்ணீர் வேண்டாம். உலக்கையை மெல்லிய நைலான் நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படியும் அடியிலோ பக்கத்திலோ படாதபடியும் தொங்கவிடுங்கள். கையில் பிடித்தால் நடுங்கும். இரண்டு பக்கமும் புத்தகம் அடுக்கி, குறுக்கே ஒரு கம்பி வைத்து அதில் கட்டுவது நல்லது.

இப்போது தராசு உலக்கையின் எடையைக் காட்டாது. அதைத்தான் நூல் தாங்கிக்கொள்கிறதே! தண்ணீர் உலக்கையை மேலே தள்ளுகிறது. அதே அளவு விசை தண்ணீரைக் கீழே அழுத்துகிறது. அந்த அழுத்தம், உலக்கை விலக்கிய தண்ணீரின் எடைக்குச் சமம். 48.7 கிராம் என்று காட்டினால் கன அளவு ஏறத்தாழ 48.7 கன செ.மீ. ‘ஏறத்தாழ’ என்பதற்குக் காரணம் நம் ஊர் வெயில். நீரின் அடர்த்தி 4 டிகிரியில்தான் 1.000, 30 டிகிரியில் 0.9957. எடையும் புதுத் தராசில் 412.3 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 412.3-ஐ 48.7-ஆல் வகுத்து 0.9957-ஆல் பெருக்கினால் 8.43. உப்புக் கரிக்கும் போர்த் தண்ணீராக இருந்தாலும் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பால் வரும் வேறுபாடு 0.1 சதவீதத்துக்கும் குறைவு. அதற்காக மெனக்கெட வேண்டாம்.

மெனக்கெட வேண்டியது காற்றுக் குமிழிக்கு. கடைசல் வரிகளில் ஒட்டிக்கொள்ளும் குமிழி அரை மில்லி இருந்தாலே அடர்த்தி ஒரு சதவீதம் குறைந்துவிடும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பால் கழுவுங்கள். தண்ணீரிலும் ஒரு சொட்டுச் சோப்பு விட்டு, உலக்கையை மெல்ல அசைத்துக் குமிழியை விடுவியுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பழம் பொருளின் நிறம் போய்விடும். பருத்தி நூல் தண்ணீரை உறிஞ்சும் என்பதால்தான் நைலான். மின்விசிறியை நிறுத்துங்கள். எண் திடீரென்று நூற்றுக்கணக்கில் ஏறினால் உலக்கை அடியில் இடித்திருக்கிறது.

தராசையே சோதிக்க, அதிகம் தேயாத பத்து ரூபாய் நாணயங்கள் பத்து வையுங்கள். ஒன்று ஏறத்தாழ 7.7 கிராம்; பத்துக்கு 77-ஐ ஒட்டி வர வேண்டும். முத்திரையிட்ட கடைத் தராசு என்று நம்பி மளிகைக் கடைக்கு எடுத்துப் போகாதீர்கள். முத்திரை இருந்தாலும் பல கடைத் தராசுகளின் மீச்சிற்றளவு, அதாவது காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு, 5 கிராம். முறையையும் சோதிக்க, எலெக்ட்ரீஷியனிடம் உறையில்லாத செம்புக் கம்பி நூறு கிராமுக்கு மேல் வாங்கிச் சுருட்டி இதேபோல் தொங்கவிடுங்கள். 8.9-ஐ ஒட்டி வந்தால் உங்கள் கை சரி.

உலக்கையை ஒவ்வொரு முறையும் வெளியே எடுத்துத் துடைத்து, தராசைச் சுழியாக்கி, ஐந்து முறை அளந்து பாருங்கள். 48.6, 48.8, 48.7, 48.7, 48.6 என்ற மாதிரி வந்தால் 48.7 கூட்டல் கழித்தல் 0.2 என்று எடுக்கலாம். அது 0.4 சதவீதம், அடர்த்தி 8.43 ± 0.04.

அப்படி வந்தால் பூச்சு பூசிய இரும்பு அல்ல என்று அடித்துச் சொல்லலாம். பித்தளைக்குப் பொருந்துகிறது. வெண்கலமே இல்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வார்ப்பில் உள்ளே காற்றுப் பொத்தல் இருந்தால் அடர்த்தி குறைவாகத்தான் காட்டும், ஒருபோதும் கூட்டிக் காட்டாது. 8.7 உள்ள வெண்கலத்தில் ஒன்றரை மில்லி பொத்தல் இருந்தாலும் இதே 8.43 வரும். இங்கே அடர்த்தியின் வேலை முடிந்தது. சந்தேகம் தீர, தங்கத்தின் தரம் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரம் உள்ள இடத்தில் கேளுங்கள்; துத்தநாகம் நிறைய இருந்தால் பித்தளை, வெள்ளீயம் நிறைய இருந்தால் வெண்கலம். அதுவும் மேற்பரப்பைத்தான் பார்க்கும் என்பதால், களிம்பில்லாத இடத்தைக் காட்டுங்கள்.

மகளின் நோட்டில் பழைய மூன்று எண்களை அழிக்க வேண்டாம். கீழே புது எண்ணை ± உடன் எழுதி, தண்ணீரின் வெப்பநிலையையும் தராசின் மீச்சிற்றளவையும் பக்கத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.