மோர்டோரின் எல்லைக் கோட்டைகளை ஓர்க்குகளா கட்டின?

இல்லை. டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதைப்படி, மோர்டோர் இருள் அரசன் சவுரோனின் நாடு; ஓர்க்குகள் அவன் படையிலுள்ள கொடிய உயிர்கள். அவை காவல் நிற்கும் கோட்டைகளில் பல, எதிரியான கோண்டோர் என்ற மனிதர் நாடு கட்டியவை. மோர்டோருக்கு வடக்கு, மேற்கு, தெற்கு மூன்று பக்கமும் மலை. வடமேற்கு மூலையில் நுழைவாயிலான கருங்கதவு. சவுரோன் முதலில் வீழ்ந்ததும், உள்ளே மிச்சமிருந்தவை வெளியேறாமல் தடுக்கவே கோண்டோர் காவல் வைத்தது. சிரித் உங்கோல் கோபுரமே சாட்சி: மலையின் கிழக்குப் பக்கம், மூன்றடுக்காக, மோர்டோரைப் பார்த்தே நிற்கிறது. சிறைக்காவலன் நிற்கிற மாதிரி!

கதையின் காலக்கணக்கில் மூன்றாம் யுகம் 1636இல் கோண்டோரில் கொள்ளைநோய் வந்தது. ஆள்பலம் சுருங்கியது, காவல் விட்டுப்போனது. 2002இல் ‘மினாஸ் இதில்’ என்ற கோண்டோரின் கோட்டை நகரும் சவுரோனின் ஆட்களிடம் பறிபோனது.

மோர்டோர் படைக்குச் சோறு? அதன் வடக்கே சாம்பல் படிந்த கோர்கோரோத் சமவெளியில் என்ன விளையும்? தெற்கே நூர்னில், உள்நாட்டுக் கடலோரம் அடிமைகள் உழுத வயல்கள்தான் ஊட்டின. சவுரோன் இறுதியாக வீழ்ந்த போருக்குப் பின், கோண்டோரின் அரசரான அரகோர்ன் அந்நிலத்தை அவர்களுக்கே கொடுத்துவிட்டார்.